தத்துவக் கேள்விக்குத் தமிழில் பதில் சொல்ல ஒரு சிறிய ஏஐ மொழி மாடலைப் பயிற்றுவிப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

தக்கலையில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், கல்லூரி புராஜெக்ட் பைண்டிங், இதுதான் பிழைப்பு. சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வில் தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழில் எழுதப்போகும் நாலைந்து பிள்ளைகள் கடைக்கு வந்து பிரிண்ட் எடுப்பார்கள். ஒருநாள் அதில் ஒருத்தி கேட்டாள்: “அண்ணா, தமிழ்ல கேட்டா தமிழ்லயே சுருக்கமா பதில் சொல்லுற மாதிரி, நெட் இல்லாமலும் ஓடுற மாதிரி ஒண்ணு செய்ய முடியாதா?” ரெண்டு வாரத்தில் செய்து தருகிறேன் என்றேன். ஏழு மாதம் ஆனது.

அந்த ஏழு மாதத்தில் பயிற்சிக்காக இயந்திரம் ஓடியது மொத்தமாகவே இருபது மணி நேரம்கூட இருக்காது. மிச்ச நாளெல்லாம் நான் முட்டிக்கொண்ட சுவர்கள். நீங்கள் அதே சுவரில் முட்ட வேண்டாம் என்பதற்காகத்தான் இது.

உங்களுக்கு வேண்டியது: 8 ஜிபி ராம் உள்ள ஒரு லேப்டாப், ஒரு ஜிமெயில் கணக்கு, பைதான் நிரலை வாசித்து அங்கங்கே எண்ணை மாற்றத் தெரிகிற அளவு பழக்கம். ஜிபியு (பயிற்சிக் கணக்கை வேகமாகப் போடும் சிப்) வாங்க வேண்டாம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். தத்துவம் படித்திருக்க வேண்டும் என்றும் இல்லை, ஆனால் படித்தவர் ஒருவர் கூட இருந்தே ஆக வேண்டும். எனக்கு ஓய்வுபெற்ற ஒரு தத்துவ ஆசிரியர் வாய்த்தார். வெட்டூர்ணிமடத்தில் வீடு. அவரை இனி சார் என்றே சொல்கிறேன்.

1. எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்று முதலில் எழுதி வையுங்கள்

எல்லோரும் விழுகிற முதல் குழி இது: நாலு புத்தகத்தை மாடலுக்குள் கொட்டினால் அது நாலு புத்தகத்தையும் தெரிந்துகொள்ளும் என்று நினைப்பது. சில நூறு கேள்வி பதிலை வைத்து ஃபைன்-ட்யூனிங் (ஏற்கெனவே பயின்ற மாடலுக்கு மேற்கொண்டு கொடுக்கும் பயிற்சி) செய்தால் மாடலுக்கு முக்கியமாக வருவது பதில் சொல்லும் முறைதான். எவ்வளவு நீளம், எந்தச் சொற்கள், எதை முதலில் சொல்வது, எப்போது ‘தெரியாது’ என்று நிறுத்துவது, இவையெல்லாம் நன்றாக ஏறும். புதிய விவரங்கள் அரைகுறையாக ஏறும். அரைகுறை விவரம் தத்துவத்தில் ஆபத்து. அடித்துச் சொல்வதுபோலச் சொல்லும், தப்பாகச் சொல்லும்.

அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். விவரம் உள்ள பத்தியைக் கேள்வியோடு சேர்த்துக் கொடுப்பது ஒரு வேலை. அந்தப் பத்தியை வைத்து ஒழுங்காகப் பதில் சொல்லப் பழக்குவது இன்னொரு வேலை. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. ஆனால் முதலாவது கூட இருந்தால்தான் கடைசியில் பயன்படும் பொருளாக வரும்.

எல்லையையும் சுருக்குங்கள். நான் ‘தத்துவம் முழுவதும்’ என்று ஆரம்பித்தேன். சார் ஒரு சிரிப்புச் சிரித்தார். கடைசியில் மூன்றோடு நிறுத்தினோம்: இந்தியத் தரிசனங்களில் பிரமாணங்கள் (அறிவு வரும் வழிகள்), சைவ சித்தாந்தத்தின் அடிப்படைகள், மேலைத் தத்துவத்தில் டேகார்ட்டிலிருந்து கான்ட் வரை. தேர்வின் இரண்டாம் தாளில் வரும் சமூக, அரசியல் தத்துவத்தையும் சமயத் தத்துவத்தையும் தொடவே இல்லை.

2. மாடலைத் தேர்ந்தெடுப்பது

பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள், மாடலுக்குள் எத்தனை அளவுருக்கள் (பயிற்சியில் மாறும் எண்கள்) என்று அது சொல்லும். 1 முதல் 4 வரை பில்லியன் என்றால் நமக்குத் தோதானது. கூகுளின் ஜெம்மா 2 வரிசையின் சிறிய மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் 2 பில்லியன் என்று இருந்தாலும் உண்மையில் 260 கோடி அளவுருக்கள். ஒன்றுக்கு 2 பைட் வீதம் வைத்தால் 5.2 ஜிபி. பயிற்சிக்காக 4 பிட்டுக்குச் சுருக்கினால் இரண்டு ஜிபி சொச்சத்தில் நிற்கும். காகில், கூகுள் கோலாப் தளங்களில் இலவசமாகக் கிடைக்கும் டி4 ஜிபியுவில் 16 ஜிபி நினைவகம் இருப்பதால் தாராளமாக இடம் இருக்கிறது.

தமிழுக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும். மாடல் சொற்களை டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டித்தான் வாசிக்கும், வெட்டும் கருவிக்கு டோக்கனைசர் என்று பெயர். யுனிகோடில் (யுடிஎஃப்-8 வடிவத்தில்) ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். தமிழைக் கணக்கில் எடுக்காமல் செய்த டோக்கனைசர் ஒரு சொல்லைப் பத்துப் பதினைந்து துண்டாகக் கூட நொறுக்கிவிடும். அப்படியானால் பயிற்சி மெதுவாகும், பதில் பாதியில் அறுந்துபோகும், எழுத்துப்பிழையும் கூடும். நீங்களே ஒரு பத்தித் தமிழை டோக்கனைசரில் போட்டு, டோக்கன் எண்ணிக்கையைச் சொல் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். மூன்று நான்கு மாடலுக்கு இதைச் செய்ய அரை மணி நேரம் போதும். நான் செய்யவில்லை. முதலில் எடுத்த மாடல் ஆங்கிலத்தில் நன்றாகப் பேசியதைப் பார்த்து மயங்கி ஒரு மாதத்தைத் தொலைத்தேன்.

உரிமத்தையும் இப்போதே வாசியுங்கள். ஜெம்மா 2-ஐ மாடல்கள் கிடைக்கும் ஹக்கிங் ஃபேஸ் தளத்திலிருந்து இறக்குவதற்கு முன் விதிகளை ஏற்றுக்கொள்வதாகப் பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு உங்கள் கணக்கில் ‘ரீட்’ அனுமதியுள்ள ஒரு டோக்கன் (சாவி மாதிரி ஒரு குறியீடு, மேலே சொன்ன டோக்கன் அல்ல) எடுத்து நிரலில் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் 401, 403 என்று பிழை வருகிறதே என்று நிரலைத் தோண்டாதீர்கள். நீங்கள் பயிற்றுவித்ததை மற்றவர்களுக்குக் கொடுப்பதானால் அந்த விதிகளின் நகலையும், மாற்றியிருக்கிறோம் என்ற குறிப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மெட்டாவின் லாமா 3 வரிசையை எடுத்தால் உங்கள் மாடலின் பெயரே ‘லாமா’ என்று தொடங்க வேண்டும். அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருபவற்றில் இவ்வளவு கெடுபிடி இல்லை.

3. காகிதங்கள்

ஆதார், பான் எதுவும் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்பது வேறு.

முதலாவது, போன் எண். காகில் தளத்தில் போன் எண்ணைச் சரிபார்க்காமல் ஜிபியு திறக்காது. வீட்டில் இரண்டு பேர் ஒரே எண்ணைக் கொடுக்கப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது, கார்டு. காசு கட்டி ஜிபியு எடுப்பதாக இருந்தால் மட்டும் வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி புதிதாக வரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பணப்பரிமாற்றம் அடைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கி ஆப்பில் போய் அதைத் திறந்து, உச்சவரம்பை 1,500 ரூபாய் போலக் குறைவாக வைத்து, கட்டியதும் மறுபடி அடைத்துவிடுங்கள்.

மூன்றாவது, எழுத்துரிமை. இங்கேதான் நாள் போகும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நிற்கும். 1964-இல் இறந்தவரின் எழுத்து 2025 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களும் கை வைக்கத் தகுந்தவை. மூன்று இடத்தில் தடுக்கி விழுவீர்கள்:

மூலம் பழையது, உரை புதியது. சிவஞான போதத்தின் 12 சூத்திரங்களை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் நீங்கள் ஸ்கேன் செய்கிற புத்தகத்தில் முக்கால்வாசி சென்ற தலைமுறைப் பேராசிரியர் எழுதிய உரையாக இருக்கும்.

மூலம் பழையது, மொழிபெயர்ப்பு புதியது. கான்ட் 1804-இல் போய்ச்சேர்ந்துவிட்டார். அவரைத் தமிழாக்கியவர் உயிரோடு இருக்கலாம். மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு.

இலவசமாக வாசிக்கலாம் என்றால் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள் இல்லை. ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம் எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது, ஆனால் கட்டுரைகள் உரிமை உள்ளவை. படித்துப் புரிந்துகொண்டு சொந்தச் சொல்லில் எழுதுங்கள். பக்கம் பக்கமாக உருவாதீர்கள்.

பாதுகாப்பான இடங்கள்: மதுரைத் திட்டத்தில் உள்ள பழைய நூல்கள், விக்கிமூலம், தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்தில் உள்ள பழைய பதிப்புகள். தமிழ் விக்கிப்பீடியாவை எடுக்கலாம், ஆனால் பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிர வேண்டும்.

உயிரோடு இருக்கும் ஆசிரியரிடம் அனுமதி கேட்பதானால் ஒரு பக்கக் கடிதம் போதும். எந்த நூல், எந்தப் பகுதி, மாடலைப் பயிற்றுவிக்கத்தான் பயன்படுத்துகிறோம், விற்போமா மாட்டோமா, வெளியில் கொடுப்போமா, பெயரை எங்கே போடுவோம் என்று ஆறு வரியில் எழுதி, கீழே கையெழுத்தும் தேதியும். ‘கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்’ என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரு பெரியவர் அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேரன் விளக்கியதும் கடிதத்தைத் திரும்பக் கேட்டார். அவர் செய்தது நியாயம்தான். அந்த 90 கேள்வி பதிலையும் எடுத்துப் போட்டேன். எது எந்த நூலிலிருந்து வந்தது என்று எக்செல்லில் ஒரு பதிவேடு வைத்திருந்ததால் எடுக்க முடிந்தது. பதிவேடு இல்லையென்றால் எல்லாவற்றையும் கொளுத்த வேண்டியிருந்திருக்கும்.

இதற்கு ஒன்றரை மாதம் ஒதுக்குங்கள். பதில் வராத கடிதத்தை ‘சம்மதம்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

4. எழுத்தைச் சுத்தம் செய்வது

என் தொழில் என்பதால் இதில் கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய டிடிபி கோப்புகளும் பழைய பிடிஎஃப்களும் யுனிகோடில் இருக்காது. திரையில் தமிழ் தெரியும், நகல் எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து வரும். எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, அதற்குரிய மாற்றி வழியாக யுனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும். மாற்றியபின் முதல் இரண்டு பக்கத்தைக் கண்ணால் வாசியுங்கள்.

யுனிகோடுக்கு வந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. மாடலுக்கு வெவ்வேறு சொல். எல்லாக் கோப்பையும் என்எஃப்சி (இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும் யுனிகோடு முறை) வழியாக ஒருமுறை ஓட்டினால் இது சரியாகும். ஆனால் அது தீர்க்காத இரண்டு உண்டு. ஔவையின் ‘ஔ’வுக்குப் பதிலாக ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டியிருப்பார்கள். காலுக்குப் பதிலாக ‘ர’ விழுந்திருக்கும். ஸ்கேன் செய்து எழுத்துணரி வழியாக எடுத்த நூல்களில் இந்தக் கால், ரகரக் குழப்பம் பக்கத்துக்குப் பக்கம் வரும். நானே தேடி மாற்றினேன், கண் போனதுதான் மிச்சம்.

5. கேள்வி பதில் எழுதுவது: எழுபது சதவீத வேலை இங்கேதான்

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் இருந்த தத்துவக் கேள்வி பதில் 5,000-ஐ ஒரே இரவில் இயந்திர மொழிபெயர்ப்பில் தமிழாக்கினேன். காலையில் பார்த்தால் பிளேட்டோவின் ‘வடிவங்கள்’ எல்லாம் ‘படிவங்கள்’ ஆகியிருந்தன. குகைக்குள் இருப்பவர்கள் சங்கிலியை அறுத்துக்கொண்டு வெளியே வந்து படிவத்தைப் பார்க்கிறார்கள். ரேஷன் கார்டு படிவம் நிரப்பிக் கொடுக்கும் கடைக்கு அது பொருத்தம்தான், தேர்வுக்குப் பொருந்தாது. அதைவிட மோசமானது ‘பொருள்’ என்ற சொல். சொல்லின் அர்த்தம், உள்பொருள், கண்ணால் காணும் வஸ்து, செல்வம் நான்குமே ‘பொருள்’ என்று வந்திருந்தது. மாடல் எதை எதோடு கோர்த்தது என்று கேட்காதீர்கள். 5,000-ஐயும் அழித்தேன்.

அதனால் முதலில் கலைச்சொல் பட்டியல். 120 சொல் போதும். ஒரு கருத்துக்கு ஒரே சொல் என்று முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள். ஒன்றைக் கண்டு இன்னொன்றை அறிவதற்கு அனுமானமா, கருதலா? நாங்கள் ‘கருதல்’ என்று வைத்துக்கொண்டு, பிள்ளைகள் இரண்டு விதமாகவும் கேட்பார்கள் என்பதால் கேள்விகளில் மட்டும் இரண்டையும் கலந்தோம். காரணம் என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். ஒரு நிகழ்ச்சியை உண்டாக்குவதும் காரணம், ஒரு கருத்தை ஏற்பதற்குச் சொல்லும் நியாயமும் காரணம். காரண காரிய உறவை ஆராய்ந்த ஹியூம் பற்றிய பதிலில் இந்த இரண்டும் குழம்பினால் பதிலே குழம்பும்.

பட்டியல் முடிந்ததும் ஐம்பது பதில் எழுதி சாரிடம் கொண்டுபோனேன். திண்ணையில் உட்கார்ந்து முதல் தாளை எடுத்தார். கேள்வி: பிரமாணங்கள் எத்தனை? என் பதில்: பிரமாணங்கள் ஆறு, அவை பின்வருமாறு.

“மக்களே, இது ஆரு சொன்னது?”

“புத்தகத்துல இருக்கு சார்.”

“புத்தகம் எழுதினவன் அத்வைதியா இருப்பான். சார்வாகன்ட்ட போய் ஆறுன்னு சொல்லிப் பாரு, அடிக்க வருவான்.”

ஐம்பது தாளிலும் அதையே கேட்டார். இது ஆரு சொன்னது? திரும்ப எழுதினோம். அந்தக் கேள்விக்கு இப்போது இருக்கும் பதில் இது:

‘யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. சார்வாகர் காட்சி (நேரில் காண்பது) ஒன்றையே ஏற்பர். பௌத்தரும் வைசேடிகரும் காட்சி, கருதல் என இரண்டு. சாங்கியர் உரையையும் (நம்பத்தக்கவர் சொல்லையும்) சேர்த்து மூன்று. நியாயர் உவமையையும் சேர்த்து நான்கு. மீமாம்சகரில் பிரபாகரர் ஐந்து, குமாரிலர் வழியினர் ஆறு. அத்வைதிகளும் ஆறு என்பர். இரண்டே என்போர் மற்றவற்றால் அறிவு வருவதை மறுப்பதில்லை, அவை கருதலுக்குள் அடங்கும் என்பர்.’

மணிமேகலையின் 27-ஆம் காதையிலேயே பிரமாணம் பத்து என்பவர், எட்டு என்பவர், ஆறு என்பவர் என்று ஆசிரியர்களைப் பிரித்துத்தான் வைதிகவாதி பேசுகிறான். அவ்வளவு பழைய ஒழுக்கத்தை நான் டிடிபி அவசரத்தில் விட்டுவிட்டேன்.

எழுதும்போது கடைப்பிடித்தவை இவை. ஒவ்வொரு பதிலிலும் யார் கூற்று என்று இருக்க வேண்டும். எதிர்ப்பு ஒன்றாவது இருக்க வேண்டும். எடுத்துக்காட்டு பக்கத்தில் இருப்பதாக இருக்கட்டும்: வேளிமலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு இருக்கிறது என்று கருதுகிறோம், ஆனால் அது புகையா, காலையில் இறங்கிய மேகமா என்று தக்கலைக்காரனுக்குத் தெரியும். கருதல் எங்கே பிசகும் என்பது ஒரே வரியில் விளங்கிவிடும். மேற்கோள் குறிக்குள் எதையும் போடாதீர்கள், மூலத்தோடு ஒப்பிட்டதைத் தவிர. பயிற்சித் தரவில் மேற்கோள் நிறைய இருந்தால் மாடல் மேற்கோளைப் புனையப் பழகிவிடும்.

தப்பான கேள்விகளையும் எழுதுங்கள். ‘கான்ட் திருவள்ளுவரைச் சந்தித்தபோது என்ன பேசினார்?’ என்ற கேள்விக்கு, சந்தித்திருக்க முடியாது என்று நேராகச் சொல்லும் பதில். கொடுத்த பத்தியில் விடை இல்லாத கேள்விக்கு, இந்தப் பத்தியில் இதற்கு விடை இல்லை என்ற பதில். நூற்றுக்குப் பத்துப் பதினைந்தாவது இப்படி இருக்கட்டும். முதல் சுற்றில் இவை இல்லாததால் என் மாடல் எதைக் கேட்டாலும் மூச்சுவிடாமல் பதில் சொன்னது.

உயிருள்ள நம்பிக்கைகள் வரும் இடத்தில் இன்னும் கவனம். சுவாமிதோப்பு வைகுண்டரைப் பற்றியோ மருத்துவாழ்மலையில் தவமிருந்த நாராயண குருவைப் பற்றியோ நம் பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். அந்த வழியில் இருப்பவர் ஒருவரிடம் காட்டாமல் அந்தப் பதில்களைத் தரவில் சேர்க்காதீர்கள்.

பெரிய வணிக மாடல்களை வைத்துப் பதில்களை உற்பத்தி செய்யலாமே என்று தோன்றும். ‘போட்டி மாடல் உருவாக்க எங்கள் மாடல் தரும் பதில்களைப் பயன்படுத்தாதீர்கள்’ என்று சில நிறுவனங்களின் விதியில் இருக்கிறது. வாசிக்காமல் இறங்க வேண்டாம்.

எத்தனை வேண்டும்? நாங்கள் 800-இல் நின்றோம். 200-லேயே நடை மாறுவது தெரிந்தது. இன்னும் 2,000 சேர்ப்பதைவிட இருக்கும் 800-ஐ மூன்றாம்முறை திருத்தியது அதிகம் கொடுத்தது. மூன்று மாதம் பிடித்தது.

6. பயிற்சி ஓட்டம்

தரவை ஜேசன்எல் கோப்பாக வையுங்கள்: ஒரு வரிக்கு ஒரு கேள்வி பதில். முறை க்யூலோரா. மாடலின் 260 கோடி அளவுருக்களையும் 4 பிட்டில் உறையவைத்துவிட்டு, பக்கத்தில் சின்னதாக ஓர் அடுக்கை மட்டும் பயிற்றுவிப்பது. ரேங்க் (அந்த அடுக்கின் அகலம்) 16 என்று வைத்தால் பயிற்சி பெறுவது 2 கோடி சொச்சம்தான், நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. முடிவில் கிடைக்கும் அடாப்டர் (அந்தச் சின்ன அடுக்கு) கோப்பு நூறு எம்பிக்குள் அடங்கும். வாட்ஸ்அப்பிலேயே அனுப்பலாம்.

அன்ஸ்லாத் என்ற இலவசப் பயிற்சிக் கருவியின் ஆயத்த நோட்புக்கை (உலாவியிலேயே ஓடும் நிரல் தாளை) எடுத்து இந்த எண்களில் தொடங்குங்கள்: ரேங்க் 16, ஆல்ஃபா (அந்த அடுக்கின் தாக்க அளவு) 16, கற்றல் வேகம் 0.0002, ஒரு தடவைக்கு 2 எடுத்துக்காட்டு, 4 தடவை சேர்த்து ஒரு படி. அதாவது படிக்கு 8 எடுத்துக்காட்டு. 800-க்கு 100 படி ஒரு சுற்று. மூன்று சுற்று, 300 படி. டி4-இல் எனக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்தது. மூன்றுக்கு மேல் சுற்றினால் மாடல் உங்கள் பதில்களை ஒப்பிக்கத் தொடங்கும்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள்:

காகிலில் பி100 என்றும் டி4 என்றும் இரண்டு தெரிந்தால் டி4-ஐ எடுங்கள். பி100 பழைய தலைமுறை, அன்ஸ்லாத் அதில் ஓடாது.

டி4-க்கு பிஎஃப்16 எண்வடிவம் கிடையாது. நிரலில் எஃப்பி16 என்று இருக்கிறதா பாருங்கள். லாஸ் எண் (மாடல் எவ்வளவு தவறுகிறது என்ற கணக்கு) ‘நேன்’ (எண்ணே அல்ல) என்று வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஒவ்வொரு மாடலுக்கும் தனிச் சாட் டெம்ப்ளேட் (கேள்வியையும் பதிலையும் அடையாளக் குறிகளோடு அடுக்கும் முறை) உண்டு. பயிற்சியில் ஒன்று, பயன்படுத்தும்போது வேறொன்று என்று கொடுத்தால் எல்லாம் உளறல். ஜெம்மா 2-இல் பொது அறிவுரை கொடுக்கும் ‘சிஸ்டம்’ என்ற பாத்திரமே கிடையாது, கொடுத்தால் பிழை வரும். அறிவுரையைக் கேள்வியின் தலையிலேயே எழுதுங்கள்.

பதிலின் முடிவுக் குறி தரவில் ஏறியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பதில் நிற்காது. என்னுடையது ஒருமுறை டேகார்ட்டை முடித்துவிட்டு, தானே அடுத்த கேள்வியைக் கேட்டு, தானே பதிலும் சொல்லிக்கொண்டு போனது.

கேள்விப் பகுதியை மறைத்து, பதிலில் மட்டும் பயிற்சி கொடுக்கும் அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி கரண்ட். ஜூன், ஜூலை சாரலிலும் ஐப்பசி மழையிலும் நம் பக்கம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பயிற்சி ஓடுவது எங்கோ இருக்கும் கணினியில்தான், ஆனால் உங்கள் உலாவி துண்டிக்கப்பட்டுக் கொஞ்ச நேரம் போனால் இலவசக் கோலாப் அமர்வு மூடிக்கொள்ளும், அதிலிருந்த கோப்பும் போகும். 50 படிக்கு ஒருமுறை கூகுள் டிரைவில் சேமிக்கச் சொல்லி எழுதுங்கள். காகிலில் ‘சேவ் அண்ட் ரன் ஆல்’ கொடுத்தால் லேப்டாப்பை மூடிவிட்டே தூங்கலாம், அது பாட்டுக்கு ஓடி முடிக்கும். வாரத்துக்குச் சுமார் 30 மணி நேரம் ஜிபியு இலவசம், நமக்கு அது மிச்சம்.

7. சோதனை

பயிற்சி தொடங்கும் முன்பே அந்த 800-இல் சேராத 80 கேள்வியைத் தனியே பூட்டி வையுங்கள். அதே கேள்வியை வேறு சொல்லில் கேட்டது பயிற்சித் தரவில் இருந்தால் சோதனை செல்லாது. ‘கருதல் என்றால் என்ன’ அங்கேயும் ‘அனுமானத்தை விளக்குக’ இங்கேயும் இருந்ததை நான் மூன்றாம் மாதம்தான் பார்த்தேன்.

பயிற்சிக்கு முந்தைய மாடலின் பதிலையும் பிந்தைய மாடலின் பதிலையும் எது எது என்று சொல்லாமல் தாளில் அச்சடித்து இரண்டு பேரிடம் கொடுங்கள். மதிப்பெண் கேட்காதீர்கள், மூன்று கேள்விக்கு ஆம், இல்லை போதும்: யார் கூற்று என்று இருக்கிறதா? அது உண்மையிலேயே அவர் கூற்றா? இல்லாத மேற்கோள் இருக்கிறதா? லாஸ் எண் குறைந்ததைப் பார்த்துக் குதிக்க வேண்டாம். எங்களுக்கு லாஸ் மிக அழகாக இறங்கிய ஓட்டத்தில்தான் ‘யார் கூற்று’ இருந்தும் ஆள் மாறியிருந்தது. ஹியூம் சொன்னதை பெர்க்லி தலையில் கட்டியிருந்தது. நடையைக் கற்றுக்கொண்டது, ஆளைக் கற்றுக்கொள்ளவில்லை. முதல் பகுதியில் சொன்ன ‘பத்தியைக் கூடவே கொடுப்பது’ இங்கேதான் காப்பாற்றியது. பத்தியோடு கேட்டபோது அந்த வகைத் தப்பு வெகுவாகக் குறைந்தது.

8. கணினியில் ஏற்றுவது

அடாப்டரை மூல மாடலோடு இணைத்து, ஜிஜியுஎஃப் (சாதாரணக் கணினியில் ஓட்டத் தோதான கோப்பு) வடிவத்துக்கு மாற்றுங்கள். இணைக்கும்போது 16 பிட்டில் இணைத்து, பிறகு 4 பிட்டுக்குச் சுருக்குங்கள். 4 பிட்டில் இருப்பதோடு நேரடியாக இணைத்தால் தரம் விழும். இந்த மாடலுக்கு முடிவுக் கோப்பு சுமார் 1.7 ஜிபி. ஒல்லாமா (மாடலை ஓட்டும் இலவச மென்பொருள்) போட்ட சாதாரணக் கணினியில் ஜிபியு இல்லாமலே ஓடும். சுருக்கியதும் அந்த 80 கேள்வியில் இருபதையாவது மறுபடி கேளுங்கள். தமிழில் சந்தியும் ஒற்றும் முதலில் கெடும்.

9. எவ்வளவு ஆனது

கேள்வி பதிலில் 450-ஐ எழுதிய பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு 20 ரூபாய் வீதம் 9,000. ஜிபியுவுக்கு ஒரே ஒருமுறை 10 டாலர் கட்டினேன், வங்கிக் கட்டணத்தோடு ஆயிரத்தை ஒட்டி வந்தது. காகில் போதும் என்று அப்போது தெரிந்திருந்தால் அதுவும் மிச்சம். நூலக ஜெராக்ஸ், தபால் 700. பென்டிரைவ் 400. சார் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மாதம் ஒரு மட்டிப்பழக் குலை கொண்டுபோனேன், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பதினோராயிரத்துச் சொச்சம் என்று வையுங்கள்.

நாள் கணக்கு: அனுமதிக்கு ஒன்றரை மாதம், எழுத்துச் சுத்தம் மூன்று வாரம், கலைச்சொல் இரண்டு வாரம், கேள்வி பதில் மூன்று மாதம், பயிற்சி இரண்டு நாள், சோதனை இரண்டு வாரம். கடிதம் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காமல் கலைச்சொல்லையும் எழுத்துச் சுத்தத்தையும் தொடங்கினால் ஐந்து மாதத்தில் முடிக்கலாம்.

இப்போது கடையின் மூன்றாவது கணினியில் அது ஓடுகிறது. பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தப்பான பதில் வந்தால் கேள்வி, பதில், தேதி மூன்றையும் எழுதிவிட்டுப் போக வேண்டும். நீங்களும் முதல் நாளே ஒன்று கட்டிவிடுங்கள். என் நோட்டில் 31 சேர்ந்திருக்கிறது, 50 ஆனதும் சாரிடம் கொண்டுபோக வேண்டும்.